பிடரியில் ஒரு நூல்

ஊதுவிளையில் காற்று அடிக்காத நாட்களை எண்ணப் பத்து விரல் போதும், காற்று தொடாத ஆளை எண்ண ஒரே ஒரு விரல் போதும், அந்த ஒற்றை விரலை மடக்கும்போது ஊர் சொல்லும் பெயர் பைபர் தாணு. வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவில் கடவுள் கதவு வைக்க மறந்துபோன வாசல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கணவாய். ஆனி பிறந்தால் அந்த வாசல் வழியாக மேல்காற்று நுழைந்து ஆவணி கடைசிவரை நுழைந்துகொண்டே இருக்கும், ஓட்டைப் பெயர்க்கும், கோழியை உருட்டும், கிழக்கே சைக்கிளில் போகிறவனை மிதிக்கவே விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, திரும்பி வரும்போது அதற்கும் சேர்த்து அவன் முழங்காலை வாங்கிவிடும். அந்த ஊரில் பேசுகிறவர் மேற்கே நிற்பார், கேட்கிறவர் கிழக்கே நிற்பார், சண்டை என்று வந்துவிட்டால் இரண்டு பேருமே மேற்குப் பக்கத்தைப் பிடிக்க ஓடுவார்கள். சாமிக்கு விளக்கேற்றினாலும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாலும் உடைந்த பானைக்குள் வைத்துத்தான் கொளுத்துவார்கள்.

தாணுவுக்கு நாற்பத்தாறு வயது. காற்றாலைகளின் இறக்கையில் வெடிப்போ அரிப்போ விழுந்தால் கயிற்றில் தொங்கிக்கொண்டு பைபர் என்னும் கண்ணாடி இழையை ஒட்டி, பிசினைப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுப்பது அவன் வேலை. இருநூற்றைம்பது அடி உயரத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒற்றை ஆளாகத் தொங்குகிறவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. காற்றுக்காலத்தில் இறக்கைகளுக்கு ஓய்வில்லை, ஆகவே அவனுக்கு ஓய்வு. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று கேட்டார்கள், அவன் மேலே கையைக் காட்டினான், அண்ணாந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அவன் அக்கா இறந்துபோனாள், அக்காவின் மகள் சுபிஜா பதினோரு வயதில் ஒரு தகரப்பெட்டியோடு அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், அதன்பிறகு பெண் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை, தேவையும் தோன்றவில்லை.

சுபிஜா வளர்ந்ததும் மாமனின் பழைய வண்டியை எடுத்து, வற்றிய குளத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பழகினாள். மேற்கே முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து, காற்றைக் குடிப்பவள் மாதிரி கத்திக்கொண்டே ஓட்டுவாள். "காத்து மூஞ்சில அடிக்கது ஒண்ணுக்காகத்தான் மாமா நான் வண்டி ஓட்டுகேன்" என்பாள். பிறகு சென்னையில் ஒரு மோட்டார்சைக்கிள் கம்பெனியில் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலைக்குப் போனாள், அங்கிருந்து பந்தயத்துக்குப் போனாள், தினமும் வந்த போன் வாரம் ஒருமுறை ஆயிற்று, வாரம் ஒருமுறை வந்தது பந்தயத்துக்குப் பந்தயம் என்றாயிற்று. அதற்காக அவளைக் குறைசொல்ல முடியாது, அவளும் என்ன செய்வாள். தாணு மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்தே அரிசி போடுவான், மறுநாள் பழையதைத் தின்பான்.

வைகாசி கடைசியில் ஒருநாள் போன் வந்தது.

"வளைவுல நாந்தான் மாமா முந்துகேன். நேரோட்டத்துல எல்லாவளும் என்னத் தாண்டிட்டுப் போயிடுகாளுவ. எஞ்சின் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். காத்துதான் என்னப் பிடிச்சு இழுக்கு."

"எங்கன பிடிக்கு?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு ஒங்களக் கூப்பிடுகேன்? ஆவணி கடைசி ஞாயித்துக்கெழம கடைசி ரேசு. மூணுக்குள்ள வரல்லண்ணா அடுத்த வருசம் வண்டி கெடையாதுண்ணுட்டாங்க."

அந்தப் பந்தயத்தில் எஞ்சினில் யாரும் கைவைக்கக் கூடாது, ஆனால் வண்டியின் மேல் போர்த்தும் கூட்டை அவரவர் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். தாணு போனை வைத்துவிட்டு அன்றே பழைய வண்டியைக் கழுவினான். வெளிநாட்டில் இதற்கென்று பெரிய கூடம் கட்டி, யானை உயரத்துக்கு விசிறி வைத்துக் காற்று ஊதிப் பார்ப்பார்களாம். தாணுவுக்கு அந்த விசிறியை ஆண்டவனே மூன்று மாசத்துக்கு ஓடவிட்டிருந்தான். கணவாயின் வாயில் இருந்த மொட்டைப்பாறையின் மேல் வண்டியை மேற்கே பார்க்க நிறுத்தி, சக்கரங்களைச் சங்கிலியால் கட்டி, தான் வார்த்த கூட்டை அதில் மாட்டி, விரல் நீளத்துக்கு வெட்டிய சிவப்புக் கம்பளி நூல்களை வரிசை வரிசையாக ஒட்டினான். காற்று இதமாகப் போகிற இடத்தில் நூல் எண்ணெய் தடவி வாரிய முடியைப் போலப் படிந்து கிடக்கும், காற்று குழம்புகிற இடத்தில் சாமியாடும். சாமியாடுகிற இடத்தில் மெழுகைப் பூசு, இல்லை அறு, தண்ணீர் விட்டுத் தேய், மறுபடி மாட்டு, மறுபடி நூலைப் பார். இறக்கைகளில் இருபது வருஷமாகச் செய்ததுதான்.

ஆனால் வண்டியில் ஆள் உட்கார்ந்தால்தான் காற்றுக்கு முழு உருவம் தெரியும். உட்கார வேண்டியவள் சென்னையில் இருந்தாள். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே மாதிரி ஒடுங்கிய தோள், ஒரே மாதிரி நீண்ட கழுத்து என்று அக்கா உயிரோடிருக்கும்போது சொல்வாள், அந்தத் தைரியத்தில் தாணு தன் சட்டையிலும் ஹெல்மெட்டிலும் நூலை ஒட்டிக்கொண்டு, முக்காலியில் போனை வைத்துப் பறக்காமல் கல்லை அண்டக்கொடுத்து, தன்னையே படம்பிடித்துக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தான். தப்பு இங்கேதான் நடந்தது. காற்றுக்கு விலகும் வழியைப் படிப்பிக்கிறவன் அந்த வழியின் நடுவில் தன்னை உட்காரவைக்கக் கூடாது. ஆனால் இதை அவனுக்குச் சொல்ல ஊதுவிளையில் யார் இருக்கிறார்கள்?

இருநூறு நூல்கள் ஆடின, நூறு ஆடின, முப்பது ஆடின, ஆடி பிறந்தபோது ஒன்றே ஒன்று ஆடியது. அது ஹெல்மெட்டுக்குக் கீழே, பிடரியில், இரண்டு நரம்புகளுக்கு நடுவில் இருந்தது. அந்த ஒற்றை நூலோடு தாணு ஒன்பது நாள் மல்லுக்கட்டினான். கூட்டின் மேல்விளிம்பை ஒரு நகக்கண் தேய்ப்பான், நூல் கொஞ்சம் அடங்கும், ஆனாலும் ஆடும். சோறு இறங்கவில்லை. விட்டுத் தொலைக்கலாம், ஒரு நூல்தானே என்று எவனும் சொல்லியிருப்பான், அப்படிச் சொல்லும் எவனும் பக்கத்தில் இல்லை என்பதால் பத்தாம் நாள், ஆடி இரண்டாம் வெள்ளி மாலை நாலு மணிக்கு, அந்த நூலும் படுத்தது.

தாணு வண்டியை விட்டு இறங்கினான். புளியமரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது, பாறையில் சருகு பறந்தது, அவன் சட்டையிலிருந்த நூல்கள் மட்டும் மூடிய அறைக்குள் இருப்பதுபோல் நேராகக் கீழே தொங்கின. கொஞ்சம் நடந்து பார்த்தான், தொங்கின. பாறையின் உச்சியில் ஏறிக் கையை விரித்து நின்றான். எதிரே வந்த காற்று முழ தூரத்தில் இரண்டாகப் பிரிந்து, அவனை இரு பக்கமும் சுற்றிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப்போய் ஒன்றுசேர்ந்தது. பையிலிருந்து தீக்குச்சியை எடுத்துக் கிழித்தான். ஊதுவிளையில் வெட்டவெளியில் ஒரு தீக்குச்சி கடைசிவரை எரிந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. விரல் சுடும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் அதைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை. பாறையிலிருந்து நேரே டீக்கடைக்கு வந்து, "என்னக் காத்து தொட மாட்டேங்கு வேய்" என்று தாணு சொன்னபோது, கடைக்காரர் மரியசெல்வம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பிடியா? அப்ப இப்பிடி வந்து அடுப்புக்கு முன்னால நில்லும், காலையிலேருந்து ஒரே பொகை" என்றார். தாணு நின்றான். அடுப்பு சமர்த்தாக எரிந்தது. மறுநாள் கடைக்கு முன்னால் அவனுக்கென்று ஒரு ஸ்டூல் போடப்பட்டது, மேற்கே பார்க்க.

அதிசயம் எதுவானாலும் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பிறகு அது அதிசயம் இல்லை, ஊதுவிளைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தாணுவுக்குப் பின்னால் பத்தடிக்குத் தோணி வடிவில் ஒரு அமைதி கிடக்கிறது என்று தெரிந்ததும் வந்து உட்கார்ந்தார்கள். சீட்டு விளையாடுகிறவர்கள் சீட்டு பறக்காமல் விளையாட வந்தார்கள், முடிவெட்டுகிறவர் நாற்காலியோடு வந்தார், கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர் பெண்ணின் முந்தானை அடங்கவேண்டும் என்று அவனைக் கூட்டிப்போய்க் கேமராவில் தெரியாத இடத்தில் நிறுத்தினார், தோவாளைச் சந்தையிலிருந்து பூ வாங்கிவந்து கட்டிவிற்கும் சொர்ணம் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவன் முதுகுக்கு நேரே உட்கார்ந்து பிச்சிப்பூவைக் கட்டினாள். நெல் தூற்றுகிறவர்கள் மட்டும், "ஓய், இந்தப் பக்கம் வந்திராதேயும், பதரு அப்பிடியே கெடக்கும்" என்று தூரத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பிறகு கோயில்கள் கேட்டன. இசக்கியம்மனுக்குப் பானையில்லாமல் விளக்கேற்ற அவன் வேண்டும் என்றார்கள், அது தெரிந்ததும் மாதா கோயில் உபதேசியார் வந்து, இருபது தலைமுறையாக மாதா பானைக்குள் வைத்த மெழுகுவர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா என்று கேட்டார். இரண்டு கோயில்காரர்களும் மேற்குப் பக்கத்தைப் பிடிக்க ஓடினார்கள், இரண்டு சுற்று சண்டை நடந்தது, கடைசியில் செவ்வாயும் வெள்ளியும் இசக்கிக்கு, ஞாயிறு மாதாவுக்கு என்று முடிவாயிற்று. தாணுவிடம் யாரும் கேட்கவில்லை. அவன் காற்றைப் பார்த்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். அவன் திரும்பினால் பின்னாலிருக்கும் தோணி கோணிப்போகும், சுடர் நடுங்கும், உடனே ஏழெட்டுக் குரல் ஒன்றாக எழும்.

"திரும்பாதேயும் ஓய்!"

இப்படித்தான் அந்த ஊரில் மிகவும் வேண்டப்பட்ட மனிதன் மிகவும் தனியனானான். எல்லோரும் அவன் பக்கத்தில்தான் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. சொர்ணம் பூக்கட்டிக்கொண்டே செத்துப்போன புருஷனைப் பற்றியும் வெள்ளிக்கிழமை விலையைப் பற்றியும் பேசுவாள், "கேக்கீரா மேஸ்திரி?" என்பாள், அவன் தலையசைப்பான், அவள் சிரித்தால் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பான், நினைவுக்கு வராது. மேற்கேயிருந்து காற்று கொண்டுவரும் எதுவும் அவனுக்கு வரவில்லை. சந்தையிலிருந்து விடியற்காலையில் வரும் பூவாசம் போயிற்று, மழைக்கு முந்தின மண்வாசம் போயிற்று, கோயில் மணி போயிற்று, எதிரே நின்று யாராவது கூப்பிட்டால் வார்த்தை அவனுக்கு முழ தூரம்வரை வந்து இரண்டாகப் பிரிந்து காதுகளுக்கு வெளியே போய்விடும். வேர்த்தால் காயாது. துவைத்த வேட்டியைக் கட்டினால் நாளெல்லாம் ஈரமாகவே இருக்கும். தன்னைத் தொடாத ஒன்று தன்னைச் சுற்றி ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் அவனால் தாங்கமுடியவில்லை.

கூடு வேலை முடிந்து, பளபளவென்று, சாக்குக்கு அடியில் கிடந்தது. போனில் சுபிஜா கேட்கும்போதெல்லாம், "இன்னும் காயல்ல பிள்ளே" என்றான். அதில் அவள் உட்கார்ந்தால் காற்று அவளையும் விட்டுப் போகும் என்று அவனுக்குத் தெரியும். உட்காராவிட்டால் பந்தயம் போகும், வண்டி போகும் என்பதும் தெரியும். ஓர் அரத்தை எடுத்து மேல்விளிம்பில் ஒரு வெட்டு வெட்டினால் நூல் மறுபடி ஆடும், எல்லாம் சரியாகும், அதுவும் தெரியும். அரத்தை எடுப்பான், கூட்டின் பக்கத்தில் உட்காருவான், அந்த வளைவில் விரலை ஓட்டுவான், வைத்துவிடுவான். நாற்பத்தாறு வருஷத்தில் குறையில்லாமல் அவன் செய்த பொருள் அது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் தெரியாத இன்னொரு காரணமும் இருந்தது. சுபிஜா இதில் உட்கார்ந்தால் தன்னைப்போல் உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கும், அவள் திரும்பி வந்துவிடுவாள், காற்றில்லாத இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சோறு தின்னலாம் என்று ஒருநாள் அவன் மனசு சொன்னது. அந்த நினைப்பு வந்த அன்று அவன் டீக்கடைக்குப் போகவில்லை. சாக்கின் மேல் இன்னொரு சாக்கைப் போட்டு மூடினான்.

ஆவணி பாதியில் சுபிஜாவே வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள், கடைக்கு முன்னால் மாமன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதையும், அவன் முதுகுக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்து சீட்டும் பூவும் சவரமுமாக இருப்பதையும் பார்த்துச் சிரித்தாள், இந்த ஊர் உருப்படாது என்று நினைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள், "மாமா" என்று கூப்பிட்டாள். அவள் மேற்கே நின்றுதான் கூப்பிட்டாள், ஊர் வழக்கம் அவளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் அவன் அசையவில்லை. நிழலில் நின்ற அவள், பிசின் பார்த்துப் பார்த்துக் கெட்ட அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் சேரவில்லை. பந்தய விஷயத்தில் மாமனுக்கு ஏதோ கோபம் என்று எண்ணிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள், சாக்கைப் பார்த்தாள், விலக்கினாள்.

கூட்டைத் தட்டிப் பார்த்தவளுக்கு அது காய்ந்து ஒரு மாசமாகிறது என்று புரிந்துவிட்டது. தோளில் தூக்கிக்கொண்டு நேரே மொட்டைப்பாறைக்குப் போய்ப் பழைய வண்டியில் மாட்டினாள். சொர்ணம்தான் அதைப் பார்த்து, "மேஸ்திரி, ஒம்ம மருமவ கூட்டத் தூக்கிட்டுப் பாறைக்குப் போறா" என்றாள். தாணு எழுந்து ஓடினான். பின்னால் சீட்டெல்லாம் பறந்தது, சவரநுரை பறந்தது, "திரும்பாதேயும், போகாதேயும்" என்று ஊர் கத்தியது.

அவன் பாறையில் ஏறும்போது அவள் வண்டியில் கால்போடப் போனாள். "ஒக்காராதே!" என்று அலறினான். அவள் இறங்கி, அவனுக்கு எதிரே மேற்கே நின்று, கையை நீட்டி நீட்டிச் சண்டைபோட்டாள். முடி முகத்தில் அடிக்க, கண் கலங்க, அவள் வாய் அசைவதை அவன் பார்த்தான், ஒரு வார்த்தைகூட அவனிடம் வரவில்லை. அவன் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான். அவள் நிறுத்தினாள். இரண்டு எட்டு வைத்துக் கிட்டே வந்தாள், அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எதுக்கு மாமா ஒளிச்சு வச்சீங்க?"

"அதுல ஒக்காந்தா ஒனக்கும் இப்பிடி ஆயிரும்."

"எப்பிடி?"

அவள் தோளைப் பிடித்துத் தனக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மேற்கே பார்த்து நின்றான். அவள் முடி அடங்கியது. துப்பட்டா அடங்கியது. பத்தடி தள்ளிச் சருகு சுழன்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் நின்றாள்.

"சத்தமே இல்லியே மாமா."

"ஆமா."

"எத்தன நாளா?"

"ஆடி ரெண்டாம் வெள்ளியிலேருந்து."

"போன்ல ஒரு வார்த்த சொல்லல்லியே."

"நீ ரேசுல இருந்த."

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை, திரும்பாமலிருப்பது ஒரு மாசத்தில் பழக்கமாகிவிட்டது. "இன்னொண்ணும் உண்டு பிள்ளே" என்றான். "ஒன்ன இதுல ஒக்கார வச்சிரலாமாண்ணு ஒருநாள் நெனச்சேன். எனக்கு ஒரு தொணை ஆவுமேண்ணு."

சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது, வேர்த்தது காயவில்லை. சுபிஜா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். காற்று அவள் முதுகில் அறைந்தது, அதோடு சாய்ந்துகொண்டு, அவன் தாடையை ஒரு கையால் நிமிர்த்தி, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாரும் பொறத்தால இருந்தா ஒங்க மூஞ்சிய எவன் பாப்பான்? பாதியா எளச்சுப் போயிட்டீங்க" என்றாள். பிறகு, "அரத்த எடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கடைசியா அடங்குன நூலு எது?"

அவன் அவள் பிடரியைத் தொட்டுக் காட்டினான்.

"அத ஆட விடுங்க."

"சுத்துக்கு அர செகண்டு போயிரும் மக்களே. நேரோட்டத்துல தாண்டிருவாளுவ."

"தாண்டட்டும். நான் வளைவுல பிடிச்சுக்கிடுகேன்."

கூட்டின் மேல்விளிம்பில் அரத்தை வைத்தபோது அவன் கை மறுத்துவிட்டது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை மாசம் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெட்டு, எண்ணிப் பன்னிரண்டு இழுப்பு, முடிந்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிக் குனிந்தாள். தோளில் நூல் படிந்தது, முதுகில் படிந்தது, பிடரியில் ஒரே ஒரு சிவப்பு நூல் துள்ளித் துள்ளி ஆடியது. "இருக்கு மாமா, இருக்கு!" என்று அவள் ஹெல்மெட்டுக்குள் கத்தினாள். அவள் இறங்கியதும் தாணுவும் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்தான். அவன் பிடரியில் ஒட்டிய நூல் நேராகத் தொங்கியது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் காற்றுக்கு இல்லை போலிருக்கிறது. பரவாயில்லை என்றான், பரவாயில்லை என்று அவள் நம்பவில்லை. மறுநாள் கூட்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை பந்தயம், அன்றைக்கேதான் மாதா கோயில் திருவிழாவும். நாற்பது மெழுகுவர்த்தி கொளுத்திய சப்பரம், சரித்திரத்தில் முதல்முறையாகப் பானையில்லாமல், கண்ணாடியில்லாமல், கோயிலிலிருந்து கணவாயோரத்தில் சிலுவை நட்ட குருசடிவரை மேற்கே போகப்போகிறது என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது, இசக்கியம்மன் கோயில்காரர்களும் தங்கள் ஆள் எப்படி நிற்கிறான் என்று பார்க்க வந்திருந்தார்கள். தாணுவுக்குப் புது வேட்டியும் துண்டும் கொடுத்துச் சப்பரத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். மூன்று மணிக்குப் பந்தயம். நாலு மணியாயிற்று, ஐந்தாயிற்று, சட்டைப்பையில் போன் அடிக்காமலே கிடந்தது. விழுந்திருப்பாளோ என்று நினைத்தான். நாலாவதாக வந்து, சொல்ல மனசில்லாமல் எங்காவது உட்கார்ந்திருப்பாளோ என்று நினைத்தான். அந்த வெட்டை வெட்டியிருக்கக் கூடாதோ என்றும் நினைத்தான். ஐந்தரைக்குச் சப்பரம் புறப்பட்டது. அவன் ஒரு எட்டு வைத்தால் நாற்பது சுடரும் ஒரு எட்டு வைத்தன, ஒன்றும் நடுங்கவில்லை, பின்னால் ஜனம் "மரியே வாழ்க" என்றது. அவனுக்கு முன்னால் வெறும் தெருவும் காற்றும்தான் இருந்தன.

குருசடிக்குப் பாதி வழியில் போன் அடித்தது.

"எடுக்காதேயும்" என்றார் பின்னாலிருந்து உபதேசியார்.

தாணு எடுத்தான்.

"மாமா, மூணாவது!"

அவன் நின்றுவிட்டான். சப்பரமும் நின்றது, பாட்டும் நின்றது.

"நேரோட்டத்துல ரெண்டு பேரு தாண்டினாளுவ. கடைசி வளைவுல ஒருத்தியப் பிடிச்சிட்டேன். ஒரு சக்கரந்தான் வித்தியாசம். கேக்கீங்களா? இப்ப எல்லாரும் போயாச்சு. பாதை காலியாக் கெடக்கு. போனை ஹெல்மெட்டுக்குள்ள சொருகியிருக்கேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. கேளுங்க."

முதலில் எஞ்சின் சத்தம் வந்தது, பிறகு எஞ்சினை மூடிக்கொண்டு இன்னொரு சத்தம் வந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், காலியான ஒரு பாதையில், கட்டைவிரல் அகல வெட்டின் வழியாக நுழைந்து ஒரு பெண்ணின் பிடரியைத் தடவிக்கொண்டு போகும் காற்றின் சத்தம், ஒரு சீட்டி மாதிரி, சின்ன வயதில் அவள் வற்றிய குளத்துக்குள் கத்திக்கொண்டே போவாளே அது மாதிரி, தூரம் எதையும் கணக்கில் எடுக்காமல், முழ தூரத்தில் பிரியாமல், நேரே அவன் காதுக்குள் வந்தது. எதிரே நின்று எவ்வளவு கத்தினாலும் சேராத வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்து ஒன்றாகக் கொட்டியது போலிருந்தது. தாணு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தெரு நடுவில் நின்றான். ஒரு சுற்று முடிந்தது, அவள் நிறுத்தவில்லை, இன்னொரு சுற்று போனாள். அவனுக்கு அழுகை வந்தது, எல்லோரும் பின்னால்தானே இருக்கிறார்கள் என்று அழுதான்.

அப்போது அவன் பிடரியில் என்னமோ குளுகுளுவென்று பட்டது. ஈ என்று நினைத்துத் தட்டப் போனான். கை போய்ச் சேர்வதற்குள் சட்டைக் காலர் படபடத்தது, வேட்டி காலோடு ஒட்டியது, கன்னத்தில் வழிந்தது சட்டென்று சில்லிட்டது, பின்னாலிருந்த நாற்பது மெழுகுவர்த்தியும் ஒரே மூச்சில் அணைந்தன.

"ஐயோ, போச்சே! எல்லாம் அணைஞ்சு போச்சே! ஒம்ம யாரு வேய் போனை எடுக்கச் சொன்னது?" என்று உபதேசியார் தலையிலடித்துக்கொண்டார். இசக்கியம்மன் கோயில்காரர் ஒருவர், எங்களுக்கு ஒருநாளும் இப்படி அணைந்ததில்லை என்றார். மரியசெல்வம் நாளைக்கு அடுப்புக்கு என்ன செய்வது என்றார். ஊரே கத்தியது, கத்தியதெல்லாம் அவனுக்குக் கேட்டது, தாணு திரும்பினான். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு மொத்த ஊரின் முகத்தையும் ஒன்றாகப் பார்த்தான், கோபமான முகங்கள், புகையில் இடுங்கிய கண்கள், பறக்கும் முடிகள், எல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தன. அந்தக் கூட்டத்தில் சொர்ணம் பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். சிரித்தால் அவளுக்கு இடது கன்னத்தில் குழிவிழும் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இப்பிடியா நிப்பீரு?" என்றாள் அவள். "காத்து என்னமா அடிக்கு. அந்தத் துண்ட எடுத்துத் தலையில கெட்டும் மேஸ்திரி, சளி பிடிக்கும்."